வியட்நாம்காரியும் என் ஆட்டோவும்

மீட்டர் போடாத ஊரில் ஆட்டோ ஓட்டும் நம்மைப் போன்ற பாவப்பட்ட ஜனங்களுக்கு ஒன்று தெரியும்: வண்டி கேஸில் ஓடுவதில்லை, வாயில்தான் ஓடுகிறது. கும்மிடிப்பூண்டியில் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். என் வாய் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் பேசிய செந்தமிழ்

லான் வியட்நாம்காரி. சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் புது மெஷின்களை ஓட்டக் கற்றுக்கொடுக்க நாலு மாசத்துக்கு வந்திருந்தாள். தினமும் சாயங்காலம் கம்பெனியிலிருந்து பஜார் பக்கத்து லாட்ஜில் கொண்டுபோய் விட வேண்டும். மாச வாடகை சொன்னேன். அதில் பாதியைப் போனில் தட்டிக் காட்டினாள்.

"கேஸு இன்னா ஒங்கப்பன் ஊட்லர்ந்தா வருது?" என்று எகிறினேன். அசையவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கிளம்புவதுபோல் பாவ்லா காட்டினேன். அவள் எனக்கு முன்னாலேயே நடையைக் கட்டினாள். நான் ஊருக்கெல்லாம் காட்டுகிற வித்தை அது! கூப்பிட்டு, நடுவில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டேன். அவள் தன் பாஷையில் ஏதோ சொல்ல, போன் அதை மொழிபெயர்த்து மேடைப் பேச்சாளர் மாதிரி தமிழில் சொன்னது: "தங்களோடு சண்டையிட்டதில் மகிழ்ச்சி, சகோதரி."

முழு வண்டியில் மூணு பேர்

காலி சீட்டைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காதே. ஒருநாள் பழக்கதோஷத்தில், ரோட்டோரம் கை காட்டிய, அதே கம்பெனி பேக்கிங் செக்‌ஷன் செல்வியையும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். முழு வண்டிக்கும் வாடகை பேசிய லான் கொதித்துப்போனாள். நானும் பதிலுக்குக் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் போன் அடித்தது.

வீடியோவில் அவள் புருஷன். மடியில் ரெண்டரை வயசு மகன். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். லாட்ஜுக்குப் போவதற்குள் பையன் தூங்கிவிடுவான் என்று வண்டியில்தான் தினமும் பேசுவாள். அம்மா முகம் தெரிந்ததும் பையன் திரும்பி அப்பா சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. லான் காலை கட் பண்ணினாள். செல்வி அவள் தோளில் கை போட்டு, "இன்னாம்மா ஆச்சு?" என்றாள். போன்தான் பதில் சொன்னது: "அவன் என்னை மறந்துகொண்டிருக்கிறான்."

கண்டெய்னர்காரனுக்கு விழுந்த திட்டு

மறுநாள் செல்வி கும்பல் கை காட்டியபோது லானே நகர்ந்து இடம் விட்டாள். போன் வந்தது. பையன் வழக்கம்போல் முகத்தைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து ஒரு கண்டெய்னர் லாரி என்னை உரசிக்கொண்டு போனது. "டேய்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினேன்.

பையன் படக்கென்று திரும்பினான். லான் போனை என் பக்கம் திருப்ப, ஓங்கிய கையோடு இருந்த என்னைப் பார்த்துச் சிரித்து, என்னை மாதிரியே கையை ஓங்கிக் கத்தினான். "இன்னொரு தபா திட்டுக்கா!" என்றாள் செல்வி. மூன்று நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் இறங்கும்போது லான் முகம் வாடியிருந்தது. போன் சொன்னது: "அவன் உங்களைத்தான் பார்க்கிறான். நான் வெறும் போன் மாட்டும் கம்பி."

சரக்கை உள்ளே வைத்தோம்

எனக்குச் சுருக்கென்றது. பேரத்தில் அடிபட்டுக் கற்றது ஒன்று உண்டு: ஆசைப்பட்ட சரக்கு கண்ணெதிரே கிடந்தால் எவனும் வாயைத் திறக்க மாட்டான், உள்ளே எடுத்து வைத்தால் கடைக்காரனிடம் கேட்டே ஆக வேண்டும். மறுநாள் வண்டியை ஓரங்கட்டினேன். "எவளும் போன்ல தெரியக் கூடாது. மூச்!"

"நான் எங்கக்கா போறது, சீட்டுக்கு அடியிலயா?" என்று முனகிக்கொண்டே குனிந்தாள் செல்வி.

திரையில் லான் மட்டும். பையன் முகத்தை மூடி, விரல் சந்தில் எட்டிப் பார்த்தான். எங்களைக் காணோம். முன்சீட்டில் குனிந்தபடி ஒரே ஒரு ஹாரன் அடித்தேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்பாவைப் பார்த்தான்; அவர் கையை விரித்தார். கடைசியில் லானின் மூக்குக்கு நேரே திரையில் விரலை வைத்து என்னவோ கேட்டான். 'மே' என்பது மட்டும் காதில் விழுந்தது. அவர்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். லான் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். பையன் முகத்தைத் திருப்பவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனாக அடித்தான். அன்றைக்கு அவனுக்கு என்னிடமிருந்து ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

"இன்னா கேட்டான் புள்ள?" என்றேன். லான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனிடம் சொன்னாள். அது சொன்னது: "அம்மா, கோபக்கார அத்தையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?"

வியட்நாமில் ஒரு வீட்டில் இன்றுவரை எனக்கு அதுதான் பெயர்; இந்த ஊரில் எவனாவது அப்படிக் கூப்பிட்டால் மட்டும் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவேன்.