ஜெரோம் சார் மூன்று பேரைக் கேட்டார்

போத்தனூரில் எங்கள் தெருவில் யார் எதைச் சொன்னாலும் ஜெரோம் சார் கேட்கும் முதல் கேள்வி, "யார் சொன்னாங்க?" என்பதுதான். ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மாவு மில்லுக்குக் கோதுமை அரைக்க வந்தாலும் சும்மா இருக்கமாட்டார். வரிசையில் நிற்கும் பெண்களின் வாட்ஸ்அப் செய்தியை வாங்கிப் பார்த்து, "இதுல தேதி எங்கீங்க அம்மணி? ஊர் பேர் எங்கீங்க?" என்று குடைவார். எங்களுக்கு எரிச்சலாக வரும். ஆனால் பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு போர்வை வியாபாரியைக் கம்பத்தில் கட்டிவைத்த அன்று, "நேர்ல பார்த்தவங்க யாரு? முன்னால வாங்க" என்று நடுவில் போய் நின்றவர் அவர் ஒருவர்தான். யாரும் முன்னால் வரவில்லை. அந்த ஆள் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தான்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு விதி. மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் எதையும் நம்புவார். அந்த விதிமேல் எங்களுக்கும் பெரிய மரியாதை. அந்த மரியாதைதான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

செவ்வந்தி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவந்தவர். அவர் சமைத்ததைத் தொடக்கூடாது என்று சில வீடுகளில் பிள்ளைகளுக்கு டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பார்கள். காரணம் அவருடைய சாதி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போன வருடம் ஒருநாள், பிள்ளைகளுக்கு முட்டை போட்ட அன்று, அவர் உப்பிய பையோடு பள்ளியிலிருந்து போவதை ஜெரோம் சார் பார்த்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இவரும் ஒருவர் என்பதால் சந்தேகம் வந்தது. ஆனால் உடனே நம்பிவிடவில்லை. விதி இருக்கிறதே!

எதிர்வீட்டு ரங்கம்மாளிடம் போனார். "ஏனுங்க, செவ்வந்தி முட்டை கொண்டு போறதாப் பேச்சு ஏதாச்சும் உங்க காதுல உழுந்துச்சுங்களா?" ரங்கம்மாள் இல்லை என்றாள். இல்லை என்றவள் நேராக என் மில்லுக்கு வந்தாள். "சாஜிதாக்கா, அந்தச் செவ்வந்தி முட்டையத் தூக்கிட்டுப் போகுதாமா." அரிசிக் கடை முஜீப் அப்போது மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது.

நாலாம் நாள் ஜெரோம் சார் முஜீப்பைக் கேட்டார். "ஆமாங்க, நானும் கேள்விப்பட்டேன்" என்றார் அவர். அப்புறம் என்னைக் கேட்டார். ரங்கம்மாள் சொன்னாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் எனக்கு நேரடியாக ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே! "நெருப்பில்லாமப் புகையுமாங்க சார்?" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. மறுபடி ரங்கம்மாளிடம் போனார். இந்த முறை அவள், "ஊரே பேசுதுங்களே சார்" என்றாள். ஆக மூன்று பேர். மனு எழுதினார். பத்தே நாளில் செவ்வந்தியை மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு குறை சொன்னாராம். முட்டை ஓடு குவிந்து கிடக்கிறது, நாய் வருகிறது. "செவ்வந்தி இருந்த வரைக்கும் ரோஜாச் செடிக்குன்னு ஓடு எல்லாத்தையும் பையில கட்டிக் கொண்டுபோயிரும்." மனு வந்தபோதே இதை ஏன் சொல்லவில்லை என்று ஜெரோம் சார் கேட்டிருக்கிறார். "எங்கிட்ட யாரும் கேக்கலீங்களே" என்பதுதான் பதில்.

அங்கிருந்து நேரே மில்லுக்கு வந்தார். "உங்களுக்கு யார் சொன்னாங்க?" ரங்கம்மாள் என்றேன். முஜீப்பும் அதையே சொன்னார். ரங்கம்மாளைக் கூப்பிட்டனுப்பினோம். "ஏனுங்க சார், நீங்கதானுங்களே மொதல்ல எங்கிட்டக் கேட்டீங்க?" என்றாள் அவள். அவர் அப்படியே தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் வாயிலிருந்தும் அவருக்குத் திரும்பி வந்தது அவர் பேச்சேதான். செவ்வந்தியை மட்டும் அவர் கேட்கவில்லை. நாங்களும்தான் கேட்கவில்லை.

மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி இரண்டாவது மனு போட்டார். மாற்றம் நிர்வாகக் காரணத்துக்காக. குற்றம் என்று எதுவும் பதிவாகவில்லை. பதிவாகாததை ரத்து செய்ய வழியில்லை என்று பதில் வந்தது. மனிதர் விடவில்லை. வீடு வீடாக ஏறி, "செவ்வந்தி முட்டை எடுக்கலீங்க, தப்பு என்னோடது" என்றார். பாதி வீடுகளில், "அட, அந்தம்மா முட்டை திருடுச்சா?" என்று வாயைப் பிளந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி ராகி அரைக்க வந்தார். அங்கே இருந்த ஜெரோம் சார் எழுந்து, எல்லார் முன்னாலும் கைகூப்பினார்.

"உக்காருங்க சார்" என்றார் செவ்வந்தி. குரலில் கோபமே இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் பையத் தொறந்து காட்டியிருப்பனுங்க. போன வாரம் எம் மகளப் பொண்ணு பார்க்க வந்தவங்க, அதென்ன முட்டை விசயம்னு கேட்டுப்போட்டுப் போனாங்க. நீங்க மனு எழுதினது அவங்களுக்குத் தெரியாதுங்க. எடுக்கலைன்னு ஊடு ஊடாச் சொன்னீங்க பாருங்க, அதுதான் போய்ச் சேர்ந்திருக்குது. இனிமே என்னப் பத்தி நல்லதும் பேசாதீங்க சார்."

மாவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தானுங்க அக்கா."

ஜெரோம் சார் இப்போதும் கோதுமையோடு வருகிறார். வரிசையில் என்ன புளுகு ஓடினாலும் தரையைப் பார்த்தபடி நிற்கிறார். செவ்வந்தியிடம் அன்று நானும் சரி என்றுதான் சொன்னேன். பெயரையெல்லாம் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். படித்தால் எங்கள் தெருவுக்கு யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தும் எழுதிவிட்டேன்.