பதினாலு கண் கோணல்

கண் ஆஸ்பத்திரி வேலையில் மருந்து விடுவதும் கட்டுப் போடுவதும் பெரிய கஷ்டமில்லை; "எப்போ சரியாகும்?" என்ற கேள்விக்கு முகம் கொடுப்பதுதான் கஷ்டம். அறுபதுகளின் கடைசியில் அந்தமானில், போர்ட் பிளேரில் கண் பிரிவு நர்ஸாக இருந்தேன். பதில் தெரியாத கேள்விக்குத் தினமும் பதில் சொல்லிப் பிழைத்தவர்களாக நீங்களும் இருக்கலாம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பானி

சவரிமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் லாஞ்சுப் படகில் பதினைந்து வருஷமாகச் சுக்கான் பிடிப்பவர். இடது கண்ணுக்கு படகுத்துறைக் கம்பம் வளைந்து தெரிகிறது என்று வந்தார். எங்கள் டாக்டர் வடக்கத்திக்காரர். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பர்தே கே பீச்சே பானி" என்றார். விழித்திரைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானே வடியும், சிலருக்கு வடியாது, சிலருக்குத் திரும்பவும் கட்டும், இவர் எந்த வகை என்று இப்போது சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மா செத்தப்பவும் நான் அழல சிஸ்டர். இப்ப உக்காந்து அழுதா அந்தத் தண்ணி வத்திருமா?"

தேதி

லாஞ்சு ஆபீசில் அவரைச் சுக்கானிலிருந்து இறக்கிக் கயிறு கட்டும் வேலையில் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் கண் சரியாகாவிட்டால் சுக்கான் இனி எப்போதும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு கிளார்க், நம்ம மதுரைக்காரர்தான், ஃபைலோடு வந்தார். எந்தத் தேதியில் குணமாகும் என்று எழுதித் தரவேண்டுமாம். இல்லையென்றால் குணமாகாது என்றாவது எழுத வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டருக்கே தெரியாததை எழுத முடியாது என்றேன். அவர் நகரவில்லை. சரி, மெட்ராஸ் கப்பல் என்றைக்கு வந்து சேரும் என்று முதலில் நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று பேனாவை நீட்டினேன்.

"அது தண்ணி விஷயம் சிஸ்டர். அதை யாரு சொல்ல முடியும்?"

வலை

கட்டம் போட்ட தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சவரிமுத்துவிடம் கொடுத்தேன். நல்ல கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே பார்த்தால், நீர் கட்டிய இடத்தில் கட்டங்கள் கோணலாகத் தெரியும். கோணல் குறைந்தால் நீர் வடிகிறது என்று அர்த்தம். முதல் வாரமே தாள் மழையில் கூழாகிவிட்டது. அவர் இன்னொரு தாளுக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டுச் சுவரில் மீன்வலையை இழுத்து ஆணியடித்து, நடுவில் சிவப்பு நூல் கட்டி, தினமும் ஒரே இடத்தில் நின்று பார்த்திருக்கிறார். வலையின் ஓட்டையை நம்மவர்கள் கண் என்றுதானே சொல்வார்கள். பதினாலு கண் கோணலாக இருந்தது, இப்போது ஒன்பது என்றார். சந்தோஷத்தில் நான் கண்ணை ஆங்க் என்றே இந்தியில் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்: பதினாலு ஆங்க் கெட்டிருந்தது, ஒன்பதாகிவிட்டது. டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், இந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை ஆங்க்?"

ஆறாம் மாதம்

நான் விளக்கிய பிறகு டாக்டர் அந்த எண்ணிக்கையையே ஃபைலில் எழுதிவந்தார். ஒன்பது ஆறானது. ஒரு வாரம் மறுபடி எட்டுக்கு ஏறியது. அப்போது சவரிமுத்துவோடு நானும் பயந்துதான் போனேன். ஆறாம் மாதம் இரண்டில் நின்றது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். சுக்கான் பிடிக்கலாம் என்று டாக்டர் எழுதினார்.

மறுபடி வராது என்றும் எழுதச் சொன்னார் கிளார்க். டாக்டர், "சொல்ல முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். கிளார்க் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப வந்தால் என்ன செய்வாய் என்று சவரிமுத்துவையே கேட்டார்.

"வரட்டும் சார். வலைய நான் இன்னும் அவுக்கல. ஒரு கண்ணு கூடுனாலும் சுக்கான நானே விட்டுட்டு இங்க வந்து நிப்பேன். அதுவரைக்கும் அது என் கையிலதான்."

அடுத்த வாரம் ஹேவ்லாக் லாஞ்சு அவர் கையில் கிளம்பியது. மெட்ராஸ் கப்பல் வரும் தேதியைத்தான் அந்தக் கிளார்க் இன்றுவரை எனக்கு எழுதித் தரவில்லை.