லூர்தக்காவின் வேகம்

மரவள்ளிக்கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி வந்து, "லூர்து நெஞ்சுவலியில செத்துப் பூட்டாளாம். சாவுக்குப் போறவங்க இந்த லோட முடிச்சிட்டுப் போங்க" என்றார். "அவ இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா" என்றார் பச்சையம்மா அத்தை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

கல்லறையில் எல்லோரும் லூர்தக்காவை நல்லவர் என்றார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் ஜவ்வரிசி ஆலையில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

கிழங்குத் தோல் உரிக்கும் அந்தப் புதுக் கத்தியைச் செய்தவர் அவர்தான். இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடின் உடைந்த துண்டை நெருப்பில் காட்டி வளைத்து, சைக்கிள் டியூப் சுற்றிப் பிடி போட்டார். பழைய கத்தியில் விரல் கிழியாத நாள் இல்லை. பள்ளியை விட்டு அம்மாவோடு வேலைக்கு வந்த புதிதில் என் விரலுக்குக் கட்டுப் போட்டவரும் அவரே. "சோறு திங்கற கைடி, கிழங்கோட சேத்து உரிக்காத" என்பார். புதுக் கத்தி வந்தபின் யார் கையிலும் ரத்தம் இல்லை. இதை மறுக்க மாட்டேன்.

ஆனால் மாலைவரை இழுத்த லோடு மதியமே முடிந்தது. எட்டுப் பேர் எதற்கு, ஆறு போதும் என்றார் முதலாளி. அக்காவுக்கு ஒரு புடவை கிடைத்தது. அம்மாவும் இன்னொருவரும் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றாகிவிட்டது.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட?" என்று கேட்டேன்.

"கத்திதான்டி செஞ்சேன். ஆளயா வெட்டுனேன்?"

பச்சையம்மா அத்தை ஒரு வழி சொன்னார். எல்லோரும் மெதுவாக உரித்து லோடை மாலைவரை இழுத்தால், போன இருவரையும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். அக்காவும் தலையாட்டினார். மறுநாள் அவர் உரித்துப் போட்ட குவியல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முழங்கையைத் தொட்டு, "மெதுவாக்கா" என்றேன். "கை நிக்க மாட்டேங்குதுடி" என்றார். முதலாளி அந்தக் குவியலைக் காட்டி, "அவளால முடியுது, உங்களுக்கு இன்னா கேடு?" என்றார். எங்கள் திட்டம் அன்றோடு போயிற்று. அம்மா இப்போது மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார்.

இறந்தவரைத் திட்டக் கூடாதாம். இருந்தபோது திட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் கிழங்கு கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு கம்பிவலை போட்டால் மண் தானே கீழே இறங்கிவிடும், உள்ளே நின்று கிழங்கை மிதித்து மண் போக்க ஆள் வேண்டாம் என்று தோன்றியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததால் ஒட்டிய புத்தி அது. தொட்டியில் நின்றது பச்சையம்மா அத்தையின் மகள். முதலாளியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.