இடது கால் இறங்கவில்லை

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வெள்ளவத்தையிலிருந்து ஹெந்தளைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். புறப்படும்போதுதான் நான்கு பேர். போய்ச் சேரும்போது மூன்று பேர். அதற்குப் பிறகு, சாவகாசமாக, நான்.

ஹெந்தளையில் கடலுக்குப் போகும் வீதியில் ஒரு தேத்தண்ணிக்கடை இருக்கிறது. வாசலில் நீளமாக ஒரு மேசை, இரண்டு பக்கமும் உட்கார வாங்குப் பலகை. கிழமை முழுக்க அலுவலகத்திலும் கடையிலும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் அந்த மேசையில்தான் வாயைத் திறப்பார்கள். யாருடைய மனேஜர் எப்படி மாட்டுப்பட்டார், யார் வீட்டுக் கலியாணத்தில் என்ன சண்டை, எல்லாம் அங்கேதான். நான் போய்ச் சேரும் நேரம் சிரிப்பின் வால்துண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். “என்ன, என்ன?” என்று கேட்பேன். “அது பெரிய கதை, பிறகு சொல்றம்” என்று எழும்பி ஹெல்மெட்டைப் போடுவார்கள். தட்டில் ரோல்ஸ் இருந்த அடையாளம் இருக்கும். என் தேத்தண்ணியைத் தனியாக, நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு நான் திரும்பவும் அவர்களின் முதுகைத் துரத்த வேண்டும்.

அந்த மேசையில் அவர்களோடு இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி. இந்த வயதில் எனக்கிருந்த இலட்சியம் அவ்வளவுதான்.

“நீங்க ஏன் பிந்துறீங்கண்டு தெரியுமா மச்சான்?” என்று ஒருநாள் கேட்டார், காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர். துணியை அளக்கிற மாதிரியே ஆட்களையும் மேலும் கீழும் அளக்கிறவர். “ஒங்கட கால் பெடல்ல தொட்டும் தொடாமலும் ஈக்கிது. எங்கட கால் ஒட்டி ஈக்கிது.”

“வயசு காரணம் இல்லையா?”

“வயசும்தான். அத மாத்த ஏலாதே. பெடல மாத்தலாம்.”

மாற்றினேன். இதற்குப் பெயர் கிளிப்லெஸ் பெடல். சப்பாத்தின் அடியில் இரண்டு திருகாணிகளால் ‘கிளீட்’ என்ற ஓர் இரும்புத் துண்டைப் பூட்டுவார்கள். மிதித்தால் அது பெடலின் வாய்க்குள் ‘டக்’ என்று போய் மாட்டிக்கொள்ளும். பிறகு காலும் பெடலும் ஒரே பிறவி. குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் கழலும். கிளிப் இல்லை என்று பெயர் வைத்து ஆளைக் கிளிப்பில் மாட்டும் இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவனை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும்.

குதிக்காலைத் திருப்ப வேண்டும் என்பது மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. விழப்போகிறவனின் கால் மேலேதான் இழுக்கும். எவ்வளவு இழுத்தாலும் சப்பாத்து வராது, சைக்கிள்தான் கூட வரும்.

முதல் ஞாயிறு நன்றாகத்தான் தொடங்கியது. பம்பலப்பிட்டியைத் தாண்டும்வரை அவர்களின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் போனது நம்பிக்கை.

கொட்டாஞ்சேனையில் என் மனைவியின் அப்பா இருக்கிறார். ஞாயிறு காலையில் பேக்கரிப் பாண் விற்க வரும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டுச் சத்தத்துக்காகத் தன் வீட்டு ஒழுங்கை முகப்பில் காத்து நிற்பார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிளில் போகும்போது மாமா முறையானவர்கள், வாத்திமார் யாராவது எதிர்ப்பட்டால் இறங்க வேண்டும். இறங்க நேரமில்லையென்றால் ஒரு காலையாவது நிலத்தில் ஊன்றிக் கதைக்க வேண்டும். சீற்றில் இருந்தபடி மாமாவோடு கதைக்கிறவன் வளர்ப்புச் சரியில்லாதவன். இந்த மரியாதை எனக்கு மூளையில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. மாமாவின் வெள்ளைச் சாரத்தைக் கண்டதும் பிறேக் தானாகப் பிடிபட்டது. இடது கால் தானாக இறங்கப் பார்த்தது.

இறங்கவில்லை. சைக்கிள் அசையாமல் நின்றது. “மாமா” என்று சொல்ல நேரமிருந்தது, புன்னகைக்கவும் நேரமிருந்தது. அதன் பிறகு ஆறுதலாக, மிகவும் ஆறுதலாக, இடப்பக்கம் சரிந்தேன். என் ஹெல்மெட் மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

மாமா குனிந்து பார்த்தார். “என்ன தம்பி, நடுறோட்டில காலில விழுறியள்? கலியாணத்தண்டே விழுந்தனீங்கள்தானே.”

“இல்ல மாமா, இது புதுப் பெடல்.”

“பழசில விழேல்லயே?”

பாண் வாங்க நின்ற இரண்டு பேர் என்னைச் சைக்கிளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஹெந்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேசை துடைத்து முடிந்திருந்தது.

நான் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. “அப்பா கோல் எடுத்தவர்” என்றாள் மனைவி. “மரியாதை கூடிப்போச்சுதாம் மருமகனுக்கு.” பிறகு என் காலைப் பார்த்தாள். “ஐயோ, அந்தக் குதிரை லாடத்தோட உள்ளுக்க வராதேங்கோ! டைல்ஸ் கீறுப்படும். கழட்டுங்கோ, கழட்டுங்கோ.” இதைக் கழற்றத் தெரிந்தால் நான் ஏன் கொட்டாஞ்சேனையில் விழுகிறேன்?

அன்றிலிருந்து எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் பயிற்சி. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு மாட்டு, கழற்று, மாட்டு, கழற்று. தூணைப் பிடித்திருக்கும்வரை நான் உலக வீரன். தூணை விட்டால் விழுவேன். காவலாளி சிங்களவர், நல்ல மனிதர், சிரிப்பை அடக்க மட்டும் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, “ஆயெத் வெட்டுணாத சேர்?” என்பார். திரும்பவும் விழுந்தீர்களா என்று கேட்கிறார். விழுந்து கிடப்பவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியா அது? பிறகு பிறகு அவர் கேட்பதையும் விட்டுவிட்டார், அதுதான் இன்னும் கவலையாக இருந்தது.

இரும்புத் துண்டு சரியான இடத்தில் இல்லையோ என்று சந்தேகம் வந்தது. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் அதைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். நானும் தள்ளினேன். இன்னொரு வெள்ளைக்காரர் பின்னுக்கு இழுத்தார். நானும் இழுத்தேன். திருகாணியைக் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி, என் சப்பாத்தைப் போல் வேலை வாங்கப்பட்ட சப்பாத்து கொழும்பில் இருந்திருக்காது. ஆனால் சொல்ல வேண்டும், இடது கால் படிந்துவிட்டது. நிற்பதற்கு முன்பே குதிக்காலைத் திருப்பப் பழகிவிட்டேன். பம்பலப்பிட்டிக் கலர் லைட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, ஒன்றும் நடக்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் இருந்த ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. விழுந்திருந்தால் முழு பஸ்ஸும் பார்த்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நான் கடைசி ஆள் இல்லை. கொழும்பு விழித்தெழாத நேரத்தில் கோட்டையைத் தாண்டினோம். எனக்குப் பின்னால் ஒருவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சங்கீதங்களில் அதுவும் ஒன்று. கொட்டாஞ்சேனை வந்தது. ஒழுங்கை முகப்பில் மாமா.

இந்த முறை எனக்குப் பயமில்லை. முன்கூட்டியே குதிக்காலைத் திருப்பினேன். கால் திரும்பியது. கழலவில்லை. இன்னும் திருப்பினேன். கால் ஒரு பக்கம் பார்த்தது, பெடல் இன்னொரு பக்கம் பார்த்தது, ஆனால் இரண்டும் பிரியவில்லை. நிறுத்தினால் மாமாவின் காலடி நிச்சயம். நிறுத்தாமல் போனால் மரியாதை இல்லை. அதனால் நான் மாமாவைச் சுற்ற ஆரம்பித்தேன்.

“தம்பி, நில்லுங்கோ!” என்றார் மாமா, என்னோடு சேர்ந்து தானும் சுழன்றபடி.

“நிக்கேலாது மாமா!”

“என்ன அவசரம்? பிள்ளையளுக்குச் சுகம்தானே?”

“ஓம் மாமா, எல்லாரும் சுகம்!”

“ஒரு இடத்தில நிண்டு சொன்னா என்ன? எனக்குத் தலை சுத்துது. பிரஷருக்குக் குளிசை போடுற மனுசன் நான்.”

“கால் வருதில்ல மாமா!”

“அப்ப கோயிலையெண்டாலும் சுத்துங்கோ, புண்ணியமாவது கிடைக்கும்” என்றார் மாமா. சூன் பாண் ஆட்டோ பாட்டோடு வந்து, வழி கிடைக்காமல் நின்று, ஹோர்ன் அடித்தது. நான் தலையைக் குனிந்து கும்பிடு மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு, சுற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு மட்டக்குளிப் பக்கம் ஓடினேன். வலது கால் என்று எனக்கு இன்னொன்று இருப்பது பாலத்தில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் சுற்றும்போது முந்திப் போனவர்களை எட்டிப் பிடிக்க நெஞ்சு வெடிக்க மிதித்தேன். ஹெந்தளைக் கடைக்கு முன்னால் போனபோது மூன்று பேரும் அப்போதுதான் வாங்கில் அமர்ந்துகொண்டிருந்தார்கள். ரோல்ஸ் தட்டு நிறைய இருந்தது. கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வலது காலைக் கழற்றி ஊன்றினேன். இடது கால் பெடலோடு நின்றது. சைக்கிளைத் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு மூன்றடி தூரத்தில், ஒற்றைக் காலில் நான்.

“இறங்குங்களே மச்சான்” என்றார் துணிக்கடை நண்பர்.

“இறங்க ஏலாது.”

அவர் எழும்பி வந்து, குனிந்து, டோர்ச் அடித்து என் சப்பாத்தின் அடியை அளந்து பார்த்தார். “ரெண்டு ஆணியில ஒண்டு காணோம். எங்க போட்டீங்க? கிளீட் சும்மா சுத்துது. நீங்க காலைத் திருப்புறீங்க, அது ஒங்களோட சேந்து திரும்புது. இப்பிடி விடியவிடியத் திருப்பினாலும் கழலாது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“சப்பாத்தை விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க.”

பட்டியைப் பிய்த்தார். கால் வெளியே வந்தது, சப்பாத்து பெடலில் இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் காலுறையுமாக ஈர நிலத்தில் நொண்டி நொண்டிப் போய் வாங்கில் இருந்தேன். கடைக்காரர் பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. ரோல்ஸை எடுத்தேன், அதுவும் சூடு. நிமிர்ந்து பார்த்தேன்.

மேசையில் ஒருவரும் இல்லை. மூன்று பேரும் என் சைக்கிளைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருவர் சப்பாத்தை இழுத்தார், ஒருவர் பெடலைப் பிடித்தார், துணிக்கடைக்காரர் கடையிலிருந்து வாங்கிய கரண்டிக் காம்பால் எதையோ நெம்பினார். யாரோ ஏதோ சொல்ல, மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“என்ன, என்ன?” என்று கத்தினேன்.

“நீங்க ஆறுதலாக் குடிங்க மச்சான்” என்றார் துணிக்கடைக்காரர், திரும்பிப் பாராமலே. “இது பெரிய கதை.”

“தேத்தண்ணி ஆறுதடா, வந்து இருங்கோவன்!”

ஒருவரும் வரவில்லை. எழும்பிப் போகலாம் என்றால் ஈரத்தில் காலுறை ஏற்கெனவே ஊறியிருந்தது. நான் தனியாக இருந்து, எல்லோருடைய ரோல்ஸையும் பார்த்துக்கொண்டு, என் தேத்தண்ணியைக் குடித்தேன்.