நர்ஸம்மாவைத் திட்டிய ஆயாம்மா

மாவுக்கட்டைப் பிரித்த அன்று என் வலது காலைப் பார்த்து நானே பயந்துபோனேன். குச்சியாக மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய காலையோ எனக்கு ஒட்டவைத்தது போல் இருந்தது. டாக்டர் முழங்காலை மடக்கச் சொன்னார். அது மடங்கவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். வைக்கோல் படப்பின் உச்சியிலிருந்து சறுக்கி விளையாடியபோது, கீழே கிடந்த நுகத்தடியில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. திண்டுக்கல்லுக்குத் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் அம்மா கூடவே இருந்தாள். கைக்குழந்தையான தம்பிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்ததும் அழுதுகொண்டே ஊருக்குப் போனாள். மல்லிகைக் கூடைகளோடு பஸ் ஏறி வரும் நாட்களில் அப்பா எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் நான் ஆஸ்பத்திரிப் பிள்ளைதான்.

கட்டுப் பிரித்த அன்று அப்பா வந்திருந்தார். டாக்டர் அவரிடம் சொன்னார்: "எலும்பு கூடிருச்சு. இனி முழங்கால மடக்கிப் பழக்கணும். இப்ப விட்டா ஆயுசுக்கும் கம்பு மாதிரிதான் நிக்கும்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொம்பளப் பிள்ளைங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

பழக்குகிற வேலை நர்ஸம்மாவிடம் வந்தது. உயரமானவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை மொடமொடக்க வருவார். அதிகம் பேசமாட்டார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து முழங்காலைச் சுற்றி வைப்பார். அதுவரை இதமாக இருக்கும். பிறகு ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு, மறு கையால் கணுக்காலைப் பிடித்து மடக்குவார். நான் போடுகிற கூச்சலில் பக்கத்துக் கட்டில் பையன் காதைப் பொத்திக்கொள்வான்.

"அழு, நல்லா அழு. கால மட்டும் இழுக்காத" என்பார் நர்ஸம்மா. ஒருநாள் அவர் கையைக் கடித்துவிட்டேன். கையை உதறிவிட்டு, அதே கையால் மறுபடியும் மடக்கினார்.

நல்லவேளையாக ஆயாம்மா இருந்தார். வார்டைத் துடைப்பதும், எங்களுக்குக் கஞ்சி ஊட்டுவதும், தலை சீவிவிடுவதும் அவர்தான். நான் கத்த ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், முக்காடு நழுவ, கையில் துடைப்பத்தோடு ஓடிவருவார்.

"யா அல்லா! பச்சப்புள்ளயப் போட்டு இப்படியா நொறுக்குறது? ஈவு இரக்கம் இல்லையா தாயி உங்களுக்கு? விடுங்க, போங்க!"

நர்ஸம்மா உடனே கையை எடுத்துவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவார். அந்தக் காட்சிக்காக எவ்வளவு வலியையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். ஆஸ்பத்திரியில் நர்ஸைவிட ஆயாதான் பெரிய உத்தியோகம் என்று அப்பாவிடமே விளக்கிச் சொன்னேன். "அப்படியா ஆத்தா!" என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

நர்ஸம்மா போனதும் ஆயாம்மா என் காலைத் தடவிக்கொடுப்பார். "அந்தம்மா மடக்குனாத்தான வலிக்கும்? நீயா மடக்கு, பாப்பம்."

மடக்குவேன்.

"அம்புட்டுத்தானா? அந்தம்மா இதவிட மடக்கிருச்சே, கண்ணு."

விடுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மடக்குவேன். நானும் ஆயாம்மாவும் ஒரு கட்சி, நர்ஸம்மா எதிர்க்கட்சி. அவரைத் தோற்கடிக்கிற ஆத்திரத்திலேயே என் முழங்கால் நாளுக்கு நாள் மடங்கிவந்தது. குந்தி உட்கார்ந்தேன். பிறகு எழுந்து நின்றேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் பிடியை விடத்தான் பயம். கட்டில் கம்பியோ, சுவரோ, ஆயாம்மாவின் தோளோ கைக்கு எட்டாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று அழுவேன்.

"கால் நல்லாருக்கு. பயந்தான் இன்னும் போகல" என்று சொல்லி டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

அப்பா குதிரைவண்டி பிடிக்கப் போனார். ஆயாம்மாவைக் காணவில்லை. அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போக எனக்கு மனமில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத் தாழ்வாரத்தின் கடைசிவரை தேடிப் போனேன்.

வெந்நீர் போடுகிற இடத்துப் படியில் ஆயாம்மா உட்கார்ந்திருந்தார். அவரோடு தோள் இடிக்க, டீ தம்ளரும் கையுமாக, நர்ஸம்மா! இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா ஒரு கைக்கட்டுப் பையன் வந்திருக்கான்" என்றார் நர்ஸம்மா. "அவனுக்காக என்ன இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க."

"திட்டிருவோம் தாயி!"

என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: ஆயாம்மா கட்சி மாறிவிட்டார். சட்டென்று திரும்பி, தாழ்வாரத்தின் நடுவில், இரண்டு கால்களையும் ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு நடந்தேன்.

"ஏத்தா, கண்ணு!" என்று ஆயாம்மா எழுந்தார்.

"கூப்பிடாதீங்க" என்று நர்ஸம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்துவது கேட்டது. "பாருங்க, பாருங்க!"

திரும்பிப் பார்த்தேன். இருவரும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றாக அழட்டும் என்று நினைத்துக்கொண்டு, விடுவிடுவென்று போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.