பாவாடைக்கு அரை டிக்கெட்

அப்பா போன பிறகு அம்மாவுக்கு விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி ஆயா வேலை கிடைத்தது. நாலு ஆயாக்களுக்கு ஒரே அறை. அதனால் என்னைத் திண்டிவனத்தில் மாமா வீட்டில் விட்டாள். அங்கே யாரும் என்னை அடித்ததில்லை, பேசியதும் இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்க விழுப்புரம் போகும் எதிர்வீட்டு அக்காவோடு ரயிலேறி அம்மாவிடம் போவேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் சோறு தின்றேன்.

அம்மாவின் சம்பளத்தில் அரை டிக்கெட்டுக்கே மூச்சு முட்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட் என்பது ரயில்காரன் சட்டம். எங்கள் ஜனத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? டிக்கெட் கொடுப்பவரும் உடையைத்தான் பார்ப்பார். பாவாடை சட்டை என்றால் அரை, தாவணி போட்டால் முழுசு.

ஆகவே நான் பெரியவளானபோது வாயே திறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் துணி அலசி, புதருக்குப் பின்னால் காயப்போட்டேன். மூன்று மாதம் மறைத்தேன். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, என்னைக் கவனித்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கு அக்கறை?

அம்மா பார்த்துவிட்டாள். நான்காம் மாதம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, மாற்றுப் பாவாடை எடுக்க என் பையைத் திறந்தவள், மடித்து வைத்திருந்த கந்தைத்துணியைக் கையில் எடுத்தாள்.

"எப்பலேர்ந்துடி?"

"மூணு மாசமா."

"பெத்தவகிட்டயே மறைச்சிக்கினு இருந்தியா?"

"சொன்னா தாவணி போட்டுடுவாங்கம்மா. முழு டிக்கெட்டுக்கு நீ எங்க போவே?"

முதுகில் ஓர் அறை விட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். மத்தியானம் எங்கேயோ உளுந்து வாங்கி வந்து களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, தான் ஒருத்தியாகவே எனக்குச் சடங்கு செய்து முடித்தாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில், அதே பாவாடையில் என்னைப் பார்த்த டிக்கெட்காரர் வழக்கம்போல் அரை டிக்கெட்டை எடுத்தார்.

"வேணாம் சாமி, முழுசாவே குடுங்க. எம்பொண்ணு பெரியவளாயிட்டா" என்றாள் அம்மா. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

எனக்கோ வயிறு எரிந்தது. அவர் அரை போதும் என்கிறார், இவளுக்கு என்ன வந்தது? அந்தக் காசு நான் அடுத்த மாதம் வருவதற்கான காசு. ரயிலில் மல்லாட்டை அக்கா நீட்டியதையும் வாங்காமல் திண்டிவனம் வரை அழுதேன்.

அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. முழு டிக்கெட்டுக்கு அம்மா காசு சேர்க்க ஐந்து மாதம் ஆனது. மாமி தாவணி போட்டுவிட்டாள். நான் வேறு ஒரேயடியாய் வளர்ந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் இறங்கியபோது கேட்டுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள்! கூட்டத்தோடு அவளை நோக்கி நடந்தேன். அவள் கண் என் முகத்தைத் தொட்டுவிட்டு, என்னைத் தாண்டி, பின்னால் வருகிறவர்களிடையே ஒரு பாவாடை சட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.