சாவி இல்லாமல் சுற்றிய மின்விசிறி

லாரிக்காரர்கள் தலைக்கு மேல் மாட்டியிருப்பார்களே, உள்ளங்கையை விரித்தால் மறைந்துபோகிற ஒரு சின்ன மின்விசிறி, அது எங்கள் ஜீப்பின் முன்பக்கத்தில் எனக்காக மாட்டப்பட்டிருந்தது. எனக்கு என்றால் எனக்கு மட்டும். ஓட்டுகிறவர் பக்கம் கொஞ்சம் திருப்பினால்கூட விடமாட்டேன். மதியம் இரண்டு மணிக்குச் சிட்லபாக்கத்து வெயில் வாசல்வரை வந்து நிற்கும்போது, விடைத்தாள் கட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு, நிறுத்தி வைத்த ஜீப்பில் ஏறி உட்காருவேன். விசிறி கிர்ரென்று சுற்றும். வானொலி மெல்லப் பாடும். வண்டிச் சாவி என்னவோ வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீடு இருக்கும்போது எந்தப் பைத்தியக்காரி வண்டிக்குள் போய் உட்காருவாள் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அவ்வளவுதான். படுக்கையறையில் மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யாருக்கோ ‘யெஸ், யெஸ்’ சொல்லிக்கொண்டிருப்பான். அவனுடைய ஆபீஸ் வீட்டுக்கே வந்துவிட்ட காலம் அது. கூடத்தில் ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரரும் கிரிக்கெட்டும். நேற்றைய மேட்சோ பத்து வருஷத்துக்கு முந்தைய மேட்சோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். நானோ பள்ளி வேலையை விட்ட பிறகும் ஒரு டியூஷன் சென்டருக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல், “இந்த வீட்டுல எனக்குன்னு உட்கார ஒரு மூலை இருக்கா?” என்று கத்திவிட்டேன். அவர் மேட்சை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் அது. மலையெல்லாம் ஏறப் போகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினார். அது ஏறிய பெரிய மேடு எங்கள் ஏரிக்கரை. அதிலிருந்த சாக்கெட்டில் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். அதனால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி லைன் இழுத்தார். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலிருக்கிற தகரத்தில் துளை போட்டு, விளிம்பு அறுக்காமலிருக்க ரப்பர் வளையம் வைத்து, அதன் வழியே சிவப்பு வயரை உள்ளே கொண்டுவந்தார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்த கை. “வயர் எங்கேயும் உரசக் கூடாது டீச்சர், உரசினா வண்டியே பத்திக்கும்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு டீச்சர்தான், கோபம் வந்தால் மட்டும் பெயர். சாயங்காலம் விசிறியைச் சுழலவிட்டுக் காட்டினார். “பெர்மனென்ட் லைன். சாவியே வேணாம். இதுதான் உன் மூலை, போதுமா?”

மூன்று மாதம் ராணி மாதிரி இருந்தேன். அப்புறம்தான் அந்தக் கல்யாணம் வந்தது. எங்கள் சர்ச்சைச் சேர்ந்த நண்பரின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணை எங்கள் ஜீப்பில்தான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. வண்டி முழுக்க ரோஜா சுற்றியாயிற்று. வெள்ளைப் புடவையும் கையில் பூங்கொத்துமாகப் பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருப்பினால் டக் என்ற சத்தத்தோடு சரி. முந்தின நாள் மதியம் நான் விசிறியை அணைக்காமல் இறங்கியிருக்கிறேன்! அது இரவெல்லாம் சுற்றிப் பேட்டரியைக் குடித்துவிட்டது. நாலு பேர் தெருமுனைவரை தள்ளியும் எஞ்சின் பிடிக்கவில்லை. கடைசியில் பெண் ஆட்டோவில் போனாள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “என் வயரிங்தான் தப்பு” என்று எல்லோரிடமும் சொல்லிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் அவர். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். இனி அந்த வண்டிக்குள் உட்காருவதில்லை என்று சபதமும் போட்டேன்.

ஒரு வாரம் பார்த்தார். பிறகு, “பின் சீட்டுக்கு அடியில உனக்குன்னு தனி பேட்டரி வெச்சிட்டேன். இனிமே விடிய விடிய ஓடினாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, போய் உட்காரு” என்றார். நானும் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு என்ன தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று தொற்றிக்கொண்டது. விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றப் போய்விடுவார். எங்கள் ஏரி, அதைத் தாண்டிச் செம்பாக்கம் ஏரி என்று முக்கால் மணி நேரம் சுற்றுவார். மழையானாலும் சரி, முதுகுவலியானாலும் சரி. “தெருவையே எழுப்பிக்கிட்டு தினம் ஒரு பவனியா? டீசல் என்ன குழாயில வருதா?” என்று நான் திட்டாத நாள் இல்லை. அவர் சிரிப்பார். ஒருநாள், “நீயும்தான் வாயேன்” என்றார். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். “எனக்கு வேற வேலை இல்ல?” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

போன வருஷம் ஒரு மதியம், நெஞ்சு வலிக்கிறது என்றவரை மருத்துவமனையிலிருந்து உயிரோடு கொண்டுவர முடியவில்லை. அடக்கமெல்லாம் முடிந்து, உறவினர்கள் கிளம்பிய பிறகு, எனக்குப் போக இடம் அந்த ஜீப்தான். விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். இரண்டு மதியம் சுற்றியது. மூன்றாவது மதியம் வேகம் குறைந்து, தயங்கி, நின்றுபோனது. மகன் வண்டியையே விற்றுவிடலாம் என்றான். நான் கேட்கவில்லை. வழக்கமாக எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்கை வரவழைத்து, அந்தத் தனி பேட்டரியை மாற்றிக் கொடு என்றேன்.

“இன்னாக்கா, தனி பேட்டரியா? அப்டி ஒண்ணும் இல்லியே” என்றார் அவர். பின் சீட்டைத் தூக்கிக் காட்டினார். பழைய துணியும் ஒரு ஸ்பானரும் கிடந்தன. “சாரு உங்களாண்ட சொல்லலியா? இந்த வண்டி டைனமோ ரெண்டு பேட்டரிய தாங்காதுன்னு நான்தான் சொன்னேன். ‘வுடு, நான் காலைல ஓட்டி சார்ஜ் ஏத்திக்கிறேன்’னாரு. நீங்க மத்தியானம் எறக்குறத அவரு காலைல ஏத்திக்கினு இருந்தாரு.”

அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் உட்கார மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நாலு வருஷம் என் வாயில் விழுந்து எழுந்து, ஒருநாள்கூட மூச்சுவிடவில்லை.

“லைன கட் பண்ணிடட்டாக்கா? வண்டி சும்மா நின்னாலும் பேட்டரி எறங்காது” என்றார் மெக்கானிக். “அந்த வயர்ல கை வெச்சே, பாத்துக்கோ” என்றேன்.

அறுபத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இப்போது விடிந்ததும் நான்தான் வண்டியை எடுக்கிறேன். கிளட்சை மிதிக்கும்போது முழங்கால் கெஞ்சுகிறது. செம்பாக்கம் ஏரியோரம் வரும்போது தண்ணீர்மேல் வெளிச்சம் விழுகிறது. ‘பாருங்களேன்’ என்று சொல்ல இடப்பக்கம் திரும்புகிறேன். நான் உட்கார்ந்து பேப்பர் திருத்துகிற சீட் காலியாக இருக்கிறது. இந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டுதான் அவரும் தினம் ஓட்டியிருக்கிறார்.